பதினாலாம் இலக்கக் கட்டில்

அளவுநாடா இல்லை.
துப்பட்டாவை எடுத்தேன்.
யன்னலடிச் சுவரிலிருந்து கதவு நிலை வரை
இழுத்துப் பிடித்து ஒரு முடிச்சு.
அலுமாரி விளிம்பிலிருந்து எதிர்ச்சுவர் வரை
இன்னொன்று.
உவர்மலையில் மாதம் ஒன்பதாயிரத்துக்குக்
கிடைத்த என் உலகம்
இரண்டு முடிச்சில் முடிந்துவிட்டது.

“சுவரில ஆணி அடிக்கக் கூடாது பிள்ளை”
என்றிருக்கிறார் மெற்றில்டா அன்ரி.
ஆகவே நுளம்பு வலைக்குக்
கட்டிலிலேயே கொம்பு முளைக்க வேண்டும்.
அடியில் பெட்டியும் வாளியும்
பத்துக் கிலோ அரிசியும் போகும் உயரம் வேண்டும்.
பகலில் அதுவே கதிரை, மேசை,
யாரும் வந்தால் விறாந்தை.
அம்மா தொலைபேசியை வைக்கப்போய்
திரும்ப எடுத்துச் சொன்னது:
“வடக்கை மட்டும் தலை வைக்காதை.”

என்.சி. வீதியில் மூன்று கடை ஏறினேன்.
தேக்கின் விலையைக் கேட்டதும்
துப்பட்டாவை மடித்துக்கொண்டேன்.
இரும்புக்குக் கடைக்காரரே சிரித்தார்.
“இந்தக் காத்துக்கு ரெண்டு வருசம், தங்கச்சி.
பிறகு காலைத் தொட்டா கையோட வரும்.”
மடக்குக் கட்டிலில் ஒருமுறை உட்கார்ந்தேன்.
அது என்னையும் சேர்த்து மடக்கப் பார்த்தது.

இரட்டைத் தட்டு மலிவுதான்.
ஆனால் முதலாம் வருடம் முழுக்க
கம்பஸ் விடுதியில் கீழ்த்தட்டில் கிடந்தவள் நான்.
மேலே சுதர்மினி புரண்டால்
என் கனவில் தூசி விழும்.
அவள் சத்தமில்லாமல் அழுத இரவுகளில்
பலகை மெல்ல ஆடும்.
தெரியாதவள்போல்
மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.
எனக்கு வேண்டியது
மேலே ஒருவருமில்லாத கட்டில்.
இதை எப்படிக் கடையில் கேட்பது?
“ஒற்றை” என்றேன்.

உப்புவெளியில் ஒரு பழைய ஹோட்டல்
சாமான் விற்கிறதென்று நுஸ்ரத் சொன்னாள்.
போனால்,
மணலில், நட்டநடு வெயிலில்,
நோயாளர் எழும்பிப் போன வாட்டுபோல
வரிசையாய்க் கட்டில்கள்.
ஒன்றின் காலில் சுட்டெழுதிய 14.
நாலு மூலையிலும் வலைக்கம்புக்குத் துளை.
பக்கத்தில் அதே இலக்கத்தோடு இன்னொன்று.
“சோடி மிஸ். ரெண்டும் எடுத்தா குறைக்கலாம்”
என்றார் காவலாளி கருணாதாச.
முடிச்சுகளைக் காட்டினேன்.
விரலால் ஒருதரம் நிமிண்டிப் பார்த்துவிட்டு
ஒன்றுக்கே குறைத்தார்.

சோடி பிரித்தவள் என்ற குறுகுறுப்போடு
சின்ன லொறியின் பின்னால் ஏறிக்கொண்டேன்.
பஸ் நிலையத்தடியில்
மான்கள் தெருவை மறித்துப் படுத்திருந்தன.
சாரதி எஞ்சினை நிறுத்திவிட்டு
பீடி பற்றவைத்தார்.
ஒன்று மட்டும் எழுந்து வந்து
கட்டிற்காலை நக்கத் தொடங்கியது.
எத்தனை பேர்
கடலிலிருந்து ஈரத்தோடு வந்து
குந்திய உப்போ!
நாலை நன்றாகச் சுவைத்தது.
ஒன்றைத் தொடவில்லை.

நீளம் சரி. அகலம் சரி.
கதவு திறக்கும் வட்டத்துக்கு
முடிச்சுப் போட மறந்திருந்தேன்.
இப்போது அது பாதிதான் திறக்கும்.
பக்கவாட்டில், வயிற்றை எக்கி,
நண்டுபோல் என் அறைக்குள் போகிறேன்.
தலை தெற்கே.
கால்மாட்டில் யன்னல்,
யன்னலுக்குக் கீழே துறைமுக விளக்குகள்.

அன்றிரவு
மேலே கூரை, ஒரு பல்லி.
பலகை இல்லை, தூசி இல்லை.
ஒருமணி வரை நித்திரையும் இல்லை.
சுதர்மினிக்கு எழுதினேன்: முழிப்பா?
உடனே பதில்: ம்.
இப்ப மேல்தட்டில் இருந்தால்
கீழே ஒருத்தி குறட்டை.
நீ மூச்சே விடமாட்டாய்,
உனக்குக் கேக்குதெண்டு எனக்குத் தெரியும்.

கனநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
உப்புவெளியில் இன்னொரு பதினாலு நிற்குது என்று
எழுதிவிட்டு,
அனுப்பாமல்,
எழும்பி இருந்து
கதவைப் பார்த்தேன்.